சாரதியின் அறையுட் புகுந்த கைகாட்டி

புகையிரதப் பாதையோரத்தில் நாட்டப்பெற்ற கைகாட்டி மரமும், அதனைக் கண்டு வண்டியைச் செலுத்தும் சாரதியின் கண்ணுமே நெடுங்காலம் பிரயாணிகளின் உயிரைக் காத்து வந்த துணைகளாகும். இவற்றுள் முன்னையது காலந்தோறும் திருத்தமுற்றது. மரக்கை போய் மின்விளக்கு வந்தது. கைகாட்டி நெம்புகோல்கள் ஒன்றோடொன்று பூட்டப்பட்டன. வண்டி நிற்குமிடத்தைத் தண்டவாளமே மின்னோட்டத்தால் அறிவிக்கும் முறையும் தோன்றிற்று. பின்னையதாகிய மனிதக் கண்ணோ எவ்வகைத் திருத்தத்துக்கும் உட்படாதது. மூடுபனியும் உறக்கமும் மனக்கவலையும் பழக்கமும் அதனை ஏமாற்ற வல்லன. ஆதலின், வெளியே நிற்கும் சமிக்ஞையின் செய்தியைச் சாரதியின் அறைக்குள்ளேயே கொணர்ந்து சேர்த்தல் வேண்டுமென்றும், அவர் தவறுமிடத்து வண்டி தானே நிற்றல் வேண்டுமென்றும் அறிஞர் பலர் கருதினர். இக்கருத்துப் பிரித்தானியாவிற் செயல்வடிவம் பெற்ற வரலாறு நூறாண்டுக்கு மேற்பட்டது. அது நேர்கோட்டிற் சென்ற வளர்ச்சியுமன்று. பழைய சமிக்ஞை முறையை அகற்றாது அதன்மேற் புதியதனை ஒட்டவைத்தமையால் விளைந்த நன்மைகளும் இன்னல்களும் அதில் விரவிக் கிடக்கின்றன. ஒட்டுக் கட்டிய மாவின் கனி புதிதாயினும் வேர் பழைய மரத்தினதேயாதல் போல, புதிய கருவி ஒவ்வொன்றும் தனக்கு முன்னிருந்த முறையின் குறையையும் உடன் உறிஞ்சியே வளர்ந்தது.

1830ஆம் ஆண்டில் லிவர்ப்பூலுக்கும் மான்செஸ்ரருக்குமிடையே புகையிரதம் ஓடத் தொடங்கிய காலத்திற் பாதையோரத்திற் காவலர் நின்று கையசைத்தே வண்டிகளை மறித்தும் விடுத்தும் வந்தனர். 1840களின் தொடக்கத்திற் கைகாட்டி மரங்கள் நாட்டப்பட்டன. வேகம் பெருகப் பெருக, நிறுத்தக் கைகாட்டியைக் கண்டபின் பிறேக்குப் போட்டால் வண்டி நில்லாதென்பது வெளிப்பட்டது. மணிக்கு 60 மைல் வேகத்தில் வரும் பாரமான வண்டியொன்று நிற்பதற்கு முக்கால் மைல், சில வேளைகளில் அதனினும் கூடிய தூரம் வேண்டும். எனவே, நிறுத்தக் கைகாட்டிக்கு வெகு தூரம் முன்னரே எச்சரிக்கைக் கைகாட்டி ஒன்றை நிறுவினர். அது நிறுத்தும்படி கட்டளையிடுவதில்லை. அடுத்து வருவதில் நிற்க ஆயத்தமாகுக என்று உணர்த்தும் அவ்வளவே. பின்னெழுந்த கருவிகள் யாவும் இந்த எச்சரிக்கைக் கைகாட்டியையே பற்றி எழுந்தனவாதலின், அதன் இயல்பை மனத்திற் கொள்ளுதல் நன்று.

1876ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் அபற்ஸ் றிப்ரன் என்னுமிடத்திற் பெரும் விபத்தொன்று நேர்ந்தது. உறைபனி அப்பி, கைகாட்டிக் கைகள் ‘வருக’ என்னும் நிலையிலேயே சிக்கி நின்றமையே அதற்குக் காரணம். நெம்புகோலை இழுத்தவர் அபாயம் காட்டினார். மரமோ அபயம் காட்டிற்று. இதனின்று எழுந்த பாடம் பிற்காலப் பொறியியலாளர் யாவர்க்கும் அடிப்படையாயிற்று: ஒரு கருவி பழுதுறுமாயின், பழுதுற்ற அந்நிலையே அபாயத்தைக் குறித்தல் வேண்டும். 1889ஆம் ஆண்டில் அயர்லாந்தின் ஆர்மா நகரருகே 80 பேர் மடிந்த விபத்தையடுத்து, பாதைப் பகுதியொன்றில் ஒரு வண்டியே நிற்றல் வேண்டுமென்பதும், பிரயாண வண்டிகள் யாவும் தொடர்பிறேக்கு உடையனவாதல் வேண்டுமென்பதும் சட்டமாயின. கம்பெனிகள் செலவுக்கஞ்சித் தயங்கிய காரியத்தை அரசு வற்புறுத்தி முடித்தது அப்போதுதான். அச்சட்டமும் சாரதியின் கண்ணைத் தொடவில்லை.

கண்ணுக்குத் துணையாகச் செவியைக் கொள்ளும் வழி இதற்கு முன்னரே அறியப்பட்டிருந்தது. 1841இல் எட்வேட் கௌப்பர் என்பவர் கண்ட வெடிக்கும் வில்லையே அது. மூடுபனி இறங்கியதும் பாதைத் தொழிலாளரை அழைத்துக் கைகாட்டிதோறும் நிறுத்துவர். அவர் தண்டவாளத்தின்மேல் வில்லையை வைப்பர். எஞ்சின் அதன்மேல் ஏற, வெடியோசை சாரதிக்குச் செய்தி சொல்லும். குளிரிரவு முழுவதும் தீச்சட்டியருகே குந்தியிருந்து வில்லை வைத்த இத்தொழிலாளரைப் பற்றி வரலாற்று நூல்கள் அதிகம் பேசுவதில்லை. இன்னொரு வழி எட்வேட் ரையர் 1878இல் உரிமை பெற்ற ‘ரப்ளெற்’ முறை. ஒற்றைப் பாதையிற் செல்லும் சாரதி அவ்வப் பகுதிக்குரிய உலோகத் தகட்டைக் கையிற் பெற்றாலன்றி வண்டியை எடுத்தலாகாது. இலங்கைப் பாதைகளில், ஓடும் எஞ்சினிலிருந்து சாரதியின் உதவியாளர் கைநீட்டி வளையத்தை வாங்கிச் செல்லும் காட்சியைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். அனுமதியே உருவெடுத்துச் சாரதியின் அறைக்குள் வந்த வழி இதுவெனலாம். ஆயினும், அனுமதி முடியும் இடத்திலே வண்டியை நிறுத்தும் ஆற்றல் அத்தகட்டிற்கு இல்லை.

1900ஆம் ஆண்டு யூன் மாதம் இலண்டனுக்கு மேற்கேயுள்ள ஸ்லவ் நிலையத்தில் நின்ற வண்டியொன்றின் பின்புறத்தில், சமிக்ஞைகளைக் கடந்து வந்த கடுகதி வண்டி மோதி ஐவர் இறந்தனர். அப்பாதை கிறேற் வெஸ்ரேண் கம்பெனிக்குரியது. அக்கம்பெனியின் பொறியியலாளர் இதன்பின் ஆராய்ந்து கண்ட கருவி 1906ஆம் ஆண்டு சனவரியில் ஹென்லிக் கிளைப்பாதையிற் பரீட்சிக்கப்பட்டது. இயந்திரத்தாற் சீழ்க்கையெழுப்பும் முறையொன்றை வின்சென்ற் றேவன் என்பவர் வடகிழக்குப் பாதையில் அதற்கு முன்னரே அமைத்திருந்தார். எனினும் மின்னோட்டத்தின் துணைகொண்டு அபயத்தையும் எச்சரிக்கையையும் வேறுபடுத்திக் காட்டிய வகையிற் கிறேற் வெஸ்ரேண் கருவியே பின்வந்தவற்றுக்கு வழிகாட்டியாயிற்று.

அதன் அமைப்பு எளியது. எளிமையே அதன் அழகு. எச்சரிக்கைக் கைகாட்டியருகே, இரு தண்டவாளங்களுக்கும் நடுவில், நாற்பதடிக்குக் குறையாத நீளமுடைய இரும்புத் தண்டொன்று இருபுறமும் சரிவாகக் கிடத்தப்பட்டது. எஞ்சினின் அடியில் தொங்கும் தொடுமுனை அத்தண்டின்மேல் ஏறும்போது சற்றே மேலுயரும். உயர்ந்ததும் எஞ்சினிலுள்ள மின்சுற்று அறுந்து, சாரதியின் அறையில் ஊதுகுழல் அலறும். பிறேக்கும் மெல்ல விழத் தொடங்கும். கைகாட்டி ‘வருக’ என்றிருப்பின் மாத்திரம் கைகாட்டி மேடையிலிருந்து தண்டிற்கு மின்னோட்டம் பாயும். அம்மின்னோட்டம் தொடுமுனை வழியே எஞ்சினுள் ஏறி, அறுந்த சுற்றின் வேலையைத் தான் செய்து, ஊதுகுழலைத் தடுத்து மணியை ஒலிப்பிக்கும். கம்பி அறுந்தாலென், மின்கலம் வற்றினாலென், விளைவது எச்சரிக்கையே. அபற்ஸ் றிப்ரனில் உறைபனி கற்பித்த பாடம் இங்கே செவ்விதிற் கைக்கொள்ளப்பட்டமை காண்க. சாரதி கைப்பிடியொன்றைத் தூக்கினால் ஓசை அடங்கும், பிறேக்கும் விடுபடும். அக்கைப்பிடியைப் பற்றிப் பின்னர் விரித்துரைக்க வேண்டியிருக்கும்.

அதே 1906ஆம் ஆண்டின் இறுதியிற் பெயர்போட் கிளைப்பாதையில் இதனை அமைத்தபோது, எச்சரிக்கைக் கைகாட்டி மரங்களையே பிடுங்கிவிட்டனர். சாரதி செவியை மாத்திரம் நம்பி ஓடினார். நூறாண்டின் பின் புதுமையெனப் பேசப்பட்ட ‘பாதையோரச் சமிக்ஞையற்ற பாதை’யின் ஒரு கூறு அன்றே அவ்வூரில் இருந்தது. முதன்மைப் பாதையில் அத்துணைத் துணிவு காட்டப்படவில்லை. இலண்டன் படிங்ரன் நிலையத்துக்கும் றெடிங் நகருக்குமிடையே 1908க்கும் 1910க்கும் இடைப்பட்ட காலத்திற் கருவியைப் பொருத்தியபோது கைகாட்டிகளும் நின்றன, தண்டுகளும் கிடந்தன. கண்ணுக்கொரு செய்தி, செவிக்கொரு செய்தி என்னும் இரட்டை முறை இவ்வாறு நிலைபெற்றது. 1930களின் இறுதிக்குள் அக்கம்பெனியின் முதன்மைப் பாதைகளுள் மிகப் பெரும்பாலானவை இக்கருவியைப் பெற்றுவிட்டன. மூடுபனிக் காலத்தில் எச்சரிக்கைக் கைகாட்டிதோறும் ஆளை நிறுத்தும் தேவை அருகியமையும் கம்பெனிக்கு இலாபமாயிற்று.

ஏனைய கம்பெனிகள் இதனை ஏன் பின்பற்றவில்லை என்னும் வினா எழும். கேணல் சேர் ஜோன் பிறிங்கிள் தலைமையிலான குழு 1920களில் இதனை ஆராய்ந்தது. கம்பெனிகள் கூறிய காரணங்கள் யாவும் போலிக் காரணங்களல்ல. கைகாட்டி மேடையில் இருப்போரின் மறதியாலும் பெரும் விபத்துகள் நேர்ந்திருந்தன. தண்டவாள மின்சுற்றுகளுக்குச் செலவிடும் பணம் அத்தவறுகளைத் தடுக்கும் என்றனர். மின்னோட்டம் தாங்கும் மூன்றாந் தண்டவாளமுள்ள பாதைகளில் நடுத்தண்டும் தொடுமுனையும் இடையூறாகலாம் என்பாரும் இருந்தனர். ஆயினும், ஒரு கம்பெனியின் எஞ்சின் மற்றொரு கம்பெனியின் பாதையிற் செல்லுங்கால் ஒரே கருவி இரண்டிலும் வேலை செய்தல் வேண்டுமென்னும் எளிய உண்மையை ஒருவரும் முன்னின்று நிறைவேற்றவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் கருவியையே பரீட்சித்துக்கொண்டிருக்க, முப்பதாண்டு கழிந்தது.

இனிக் கைப்பிடிக்கு வருவோம். 1940ஆம் ஆண்டு நவம்பர் 4ஆந் திகதி விடியுமுன் படிங்ரனிலிருந்து பென்சான்ஸ் சென்ற இரவு வண்டி, தோன்ரன் நிலையத்தைவிட்டு நோற்றன் பிற்ஸ்வொறனை நோக்கிப் புறப்பட்டது. யுத்தகாலமாதலின் எங்கும் இருளடைப்பு. பின்னால் வந்த பத்திரிகை வண்டிக்கு வழிவிடும் பொருட்டு, வழக்கத்துக்கு மாறாக, இவ்வண்டி பக்கப்பாதையில் விடப்பட்டது. சாரதியோ தாம் முதன்மைப் பாதையிற் செல்வதாகவே எண்ணி, அருகிலிருந்த முதன்மைப் பாதையின் பச்சை விளக்குகளைத் தமக்குரியனவாகக் கொண்டார். கருவி பழுதுறவில்லை, பக்கப்பாதையின் தண்டு தன் கடமையைச் செய்தது. சாரதி கைப்பிடியைத் தூக்கி அதனை அடக்கிவிட்டுத் தொடர்ந்து சென்றார் என்பதே விசாரணை கண்ட முடிவு. பத்திரிகை வண்டி தம்மை முந்திச் செல்வதைக் கண்ட கணத்திலேயே அவர் தம் தவறை உணர்ந்தார். அதற்குள் காலங் கடந்துவிட்டது. பக்கப்பாதை முடியுமிடத்தில், தவறி வரும் வண்டியைத் தடம்புரட்டிப் பிற வண்டிகளைக் காப்பதற்கென அமைந்த கவரில் எஞ்சின் ஏறிச் சரிந்தது. 27 பேர் இறந்தனர். விசாரணை நடத்திய சேர் அலன் மவுண்ட் சாரதியின் தவறென்றே முடிவு கூறினார். எனினும் குண்டுவீச்சினால் அவருடைய வீடு சேதமுற்றிருந்தமையும், அக்காலச் சாரதிகள் அனுபவித்த மனநெருக்கடியும் மறக்கப்படவில்லை.

இவ்விபத்து ஒரு வினாவைத் தெளிவாக முன்வைத்தது. எச்சரிக்கையைச் சாரதியின் அறைக்குள் கொணர்வது எளிது. அதனை அடக்கும் உரிமையையும் அவரிடமே கொடுத்தால், இறுதித் தீர்ப்பு மீண்டும் பழைய கண்ணிடமும் பழைய மனத்திடமுமே தங்கிவிடுகிறது. ஆனால் அவ்வுரிமையைக் கொடாதிருத்தலும் இயலாத காரியம்; ஏனெனின் எச்சரிக்கைக் கைகாட்டியை மெல்லக் கடந்து நிறுத்தக் கைகாட்டி வரை செல்வது சாரதியின் சட்டபூர்வமான கடமை. எவ்வளவு தூரத்தில் எவ்வேகத்தில் வருகிறார் என்பதை அறியாத கருவி, அவரை நம்புவதன்றி வேறென் செய்யும்?

நோற்றன் பிற்ஸ்வொறனைக் கொண்டு கருவியே வீணென்று எவரும் வாதிக்க இடமின்றிச் செய்தது 1952ஆம் ஆண்டு ஒக்ரோபர் 8ஆந் திகதி. பேர்த் நகரிலிருந்து இலண்டன் யூஸ்ரனை நோக்கி வந்த இரவு வண்டி, காலை எட்டு மணி கழிந்த வேளையில், எச்சரிக்கை விளக்கொன்றையும் நிறுத்தக் கைகாட்டிகள் இரண்டையும் கடந்து வந்து, ஹறோ வீல்ஸ்ரோன் நிலையத்தில் நின்ற உள்ளூர் வண்டியின்மேல் மோதிற்று. சிதைவுகள் அடுத்த பாதையை மறித்துக் கிடக்க, எதிர்த்திசையில் வந்த கடுகதி வண்டி அவற்றின்மேற் பாய்ந்தது. 112 பேர் மாண்டனர். தவறிய சாரதியும் உடன் இறந்தமையால், அன்று அவர் கண்ணும் கருத்தும் எங்கிருந்தன என்பது என்றும் வெளிப்படவில்லை. அப்பாதையில் ஊதுகுழல் எதுவும் இல்லை. நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்னரே ஹென்லிக் கிளைப்பாதையில் ஒலித்த ஓசை, நாட்டின் தலையாய பாதைகளுள் ஒன்றில் ஒலிக்காதிருந்தமை அனைவர் மனத்தையும் உறுத்தியது.

1948இல் புகையிரதங்கள் தேசியமயமாக்கப்பட்டிருந்தமையால், இனிக் கம்பெனிக்கொரு கருவியென்னும் சாக்கு எழ இடமிருக்கவில்லை. அல்பிரட் ஹட் என்பவர் கண்ட காந்த முறையினின்று வளர்ந்த புதிய எச்சரிக்கைக் கருவி 1956இல் ஒப்புதல் பெற்றது. இதில் தண்டும் தொடுமுனையும் ஒன்றையொன்று தீண்டுவதில்லை. சமிக்ஞைக்கு ஏறக்குறைய 200 யார் முன்னே தண்டவாளங்களுக்கிடையில் நிலைக்காந்தமொன்றும் மின்காந்தமொன்றும் கிடக்கும். நிலைக்காந்தம் எப்போதும் எச்சரிக்கையைத் தூண்டும். பாதை திறந்திருப்பின் மின்காந்தம் உயிர்பெற்று அதனை மாற்றி மணியொலிப்பிக்கும். எச்சரிக்கையை அடக்கிய சாரதியின் முன்னே கறுப்பும் மஞ்சளும் கலந்த பூப்போன்ற வட்டமொன்று விரிந்து, ‘நீர் எச்சரிக்கப்பட்டீர், அதனை அறிந்தும் அடக்கினீர்’ என்று நினைவூட்டிக்கொண்டேயிருக்கும். நோற்றன் பிற்ஸ்வொறனுக்கு இவ்வட்டம் ஓரளவு விடையாகும். ஆனால் நாடெங்கும் பொருத்தும் வேலை மெல்லவே நடந்தது. 1957ஆம் ஆண்டு டிசம்பரில் லூயிஷத்தில் மூடுபனியிற் சிவப்பைக் கடந்த வண்டியொன்றால் 90 பேர் இறந்தபோது, அப்பாதையும் கருவியற்றதாகவே இருந்தது. மேற்குப் பிரதேசமோ தன் பழைய தண்டுகளை 1970கள் வரை விடவில்லை. முன்னோடிக்கு நேரும் விபத்து இது: முதலிற் செய்தவனே கடைசியில் மாறுவான்.

நிறச் சமிக்ஞைகள் பெருகியதும், வேறொரு குறை வெளிப்பட்டது. பச்சைக்கு மணி, இரட்டை மஞ்சளுக்கும் ஒற்றை மஞ்சளுக்கும் சிவப்புக்கும் ஒரே ஊதுகுழல். நகர்ப்புறப் பாதைகளில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி ஓட, சாரதி நாளொன்றிற் பன்முறை ஊதுகுழலைக் கேட்டுப் பன்முறை பொத்தானை அழுத்துவார். அழுத்துதல் கையின் பழக்கமாகிவிடும். மனம் அதில் இராது. 1989ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் பேர்லி நிலையத்தருகே நேர்ந்த மோதலில் ஐவர் இறந்தனர். சாரதி எச்சரிக்கையை அடக்கிவிட்டுச் சிவப்பைக் கடந்திருந்தார். அவர் குற்றவாளியெனச் சிறை சென்றார். அச்சமிக்ஞை அதற்கு முன்னரும் பலமுறை கடக்கப்பட்டது என்ற செய்தி பின்னர் வெளிவர, 2007இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிற்று. ஒரே இடத்திற் பலர் தவறுவராயின், ஆராயப்பட வேண்டியது அவ்விடமே என்னும் நியாயம் பதினெட்டாண்டு தாமதித்து அவருக்குக் கிட்டியது.

1988இல் கிளப்பம் சந்தியில் 35 பேர் இறந்த விபத்தின் விசாரணையறிக்கை அடுத்த ஆண்டில் வெளிவந்தது. அவ்விபத்துக்குக் காரணம் கம்பியிணைப்பிலிருந்த பிழை, சாரதியின் தவறன்று. எனினும், விசாரணைத் தலைவர் சேர் அன்ரனி ஹிடன் பொறுப்பை விரிவாக நோக்கி, வண்டியின் வேகத்தைத் தொடர்ந்து அளந்து, நிற்கவேண்டிய இடத்துள் நிற்குமாறு தானே பிறேக்கிடும் முழுக்காவல் முறையை நாடெங்கும் அமைத்தல் வேண்டுமென விதந்துரைத்தார். மேற்குப் பாதையிற் பெல்சிய நாட்டுக் கருவியும், சில்ரேண் பாதையில் ஜேர்மானியக் கருவியும் பரீட்சிக்கப்பட்டன. பழைய வழக்கப்படி இரண்டு பாதைக்கு இரண்டு கருவி! கருவிகள் நன்றாகவே வேலை செய்தன. ஆனால் உள்ள சமிக்ஞைகளின்மேல் இவற்றை ஏற்றும் செலவு, காக்கப்படும் உயிர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிடுமிடத்து மிக அதிகமெனக் கணக்கிடப்பட்டது. 1995இல் நாடெங்கும் விரிக்கும் எண்ணம் கைவிடப்பட்டது.

அரைகுறையாகப் பொருத்தப்பட்ட காவலின் பொல்லாங்கு 1997ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் சவுதோலில் வெளிப்பட்டது. சுவான்சியிலிருந்து படிங்ரன் வந்த விரைவு வண்டி சிவப்பைக் கடந்து, குறுக்கே சென்ற சரக்கு வண்டியில் மோத, எழுவர் இறந்தனர். அவ்வண்டியின் முன்னறையிலிருந்த எச்சரிக்கைக் கருவி பழுதுற்றதனாற் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. முழுக்காவற் கருவியும் அவ்வண்டியில் இருந்தது. ஆனால் அது இயக்கப்படவில்லை. இரண்டு காவல் இருந்தும் ஒன்றும் விழித்திருக்கவில்லை. பல்லாண்டு பழகிய எச்சரிக்கை அன்று ஒலிக்காதபோது, அதில் ஊன்றிப் பழகிய சாரதிக்கு மௌனமே ‘பாதை திறந்துள்ளது’ என்பது போலாயிற்று. எந்த மௌனம் அபாயத்தைக் குறித்தல் வேண்டுமென்று 1906இல் அமைத்தார்களோ, அதே மௌனம் கருவி பூட்டப்பட்ட அறையில் எதிர்ப்பொருள் தந்தமை சிந்திக்கத்தக்கது.

இரண்டாண்டின் பின், 1999ஆம் ஆண்டு ஒக்ரோபர் 5ஆந் திகதி, படிங்ரனிலிருந்து இரண்டு மைல் தொலைவில் லட்புறோக் குறோவ் என்னுமிடத்தில், வெளியே சென்ற வண்டியொன்று சிவப்பைக் கடந்து, உள்ளே வந்த விரைவு வண்டியை நேருக்கு நேர் எதிர்கொண்டது. 31 பேர் இறந்தனர். இரு சாரதிகளும் அவருள் அடங்குவர். கடக்கப்பட்ட 109ஆம் இலக்கச் சமிக்ஞை முந்திய ஆறாண்டுகளில் எட்டு முறை அவ்வாறே கடக்கப்பட்டிருந்தது. சாரதி பயிற்சி முடித்துச் சில நாட்களே ஆனவர், அவர் அறையில் ஊதுகுழல் ஒலித்தது, அடக்கப்பட்டது. விரைவு வண்டியில் முழுக்காவல் இருந்தது. தவறிய வண்டியில் இல்லை. பாதையின் ஒரு பாதி வண்டிகளுக்கு மாத்திரம் பூட்டுப் போட்டுக் கதவைத் திறந்து வைத்தமையை இது ஒக்கும். லோட் கலன் தலைமையிலான விசாரணை இவையனைத்தையும் வெளிக்கொணர்ந்தது.

இவ்விபத்துக்குச் சில வாரங்களுக்கு முன்னரே, எளியதொரு துணைக்கருவியை 2003ஆம் ஆண்டு முடிவதற்குள் நாடெங்கும் பொருத்துமாறு அரசு விதி செய்திருந்தது. இதன் அமைப்பும் கூறத்தக்கது. சமிக்ஞையின் அடியில் தண்டவாளங்களுக்கிடையே இரண்டு கம்பி வளையங்கள். சிவப்பு எரியும்போது மாத்திரம் அவை உயிர்பெறும். அவற்றின்மேல் வண்டி ஏறினால், சாரதியின் விருப்பைக் கேளாது பிறேக்கு விழும். சமிக்ஞைக்குச் சில நூறு யார் முன்னே இன்னுமிரண்டு வளையங்கள். முதலாவதைக் கடந்ததும் வண்டியிலுள்ள கடிகாரம் ஓடத் தொடங்கும். குறித்த நொடிக்குள் இரண்டாவதை எட்டிவிடின் வண்டி மிகை வேகத்தில் வருகிறதென்று பொருள். அப்போதும் பிறேக்கு விழும். வேகத்தை அளக்க வேறு கருவி வேண்டாம். தூரமும் நேரமுமே போதும். பழைய காந்த எச்சரிக்கைக் கருவியோடு ஒரே பெட்டிக்குள் இதனை அடக்கிவிட்டனர். மணிக்கு ஏறக்குறைய 75 மைல் வேகத்துக்கு மேல் வரும் வண்டியைச் சந்திக்கு முன் நிறுத்த இதனால் எப்போதும் இயலாது. ஆதலின் ‘மலிவான பதிலி’ என்றும், ‘உயிருக்கு விலை பேசுதல்’ என்றும் அன்று பலர் இதனைப் பழித்தனர். விபத்தில் உறவினரை இழந்தோர் அவ்வாறு கூறியதைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. ஆயினும், வரலாற்றை நோக்குவோர்க்கு வேறொன்று தோன்றும். நிறைவான கருவி சில பாதைகளிற் சில வண்டிகளிற் பத்தாண்டு இருந்தது. குறையுள்ள கருவி நான்கே ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான சமிக்ஞைகளிலும் அவற்றைக் கடக்கும் வண்டிகளிலும் நிறைந்தது. சிவப்பைக் கடந்தமையால் அத்தகைய பேரழிவு பிரித்தானியாவில் அதன்பின் நேரவில்லை. ஹறோவும் லூயிஷமும் நேர்ந்தது குறைந்த கருவியாலன்று. கருவி வந்து சேராமையால்.

ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான கட்டுப்பாட்டு முறை இன்று இவ்வரிசையில் வந்து நிற்கிறது. அதன் முதற்படி பழையதன்மேல் ஒட்டப்படுவதேயாகும். சமிக்ஞை விளக்கிற் பாயும் மின்னோட்டத்தைப் பெட்டியொன்று உணர்ந்து, பாதையிற் கிடக்கும் சிறு பலகை வழியே, ‘இன்ன தூரம் வரை செல்லலாம், இன்ன வேகம், இன்ன சரிவு’ என்று வண்டிக்கு உரைக்கும். வண்டியின் கணிப்பொறி தன் பாரத்துக்கேற்பப் பிறேக்கின் வளைகோட்டைத் தானே வரைந்துகொண்டு, சாரதி அதனை மீறுமிடத்துக் குறுக்கிடும். 1906இன் கருவி அறியாத தூரமும் வேகமும் இதற்குத் தெரியும். ஆதலின் அடக்குங் கைப்பிடிக்கு இங்கு இடமில்லை. இலண்டன் நகரூடு செல்லும் தேம்ஸ்லிங் பாதையில் 2018இல் இம்முறை வந்தபோது பாதையோர விளக்குகளும் விடப்பட்டன. வேல்ஸ் நாட்டுக் கேம்பிரியன் பாதையிலோ 2011இல் அவை அகற்றப்பட்டு, செய்தி முழுவதும் வானொலி வழியே சாரதியின் அறைக்குப் போயிற்று. அங்கும் காவல் முற்றவில்லை. 2017ஆம் ஆண்டு ஒக்ரோபரிற் கணிப்பொறி மீளத் தொடங்கியபின் தற்காலிக வேகத்தடைகள் வண்டிகளுக்கு அனுப்பப்படாது விடுபட, 30 கிலோமீற்றர் வேகத்திற் கடக்கவேண்டிய கடவையை ஒரு வண்டி 80 கிலோமீற்றர் வேகத்தில் அணுகிற்று. சாரதியொருவர் கண்டு கூறியதாலேயே குறை வெளிப்பட்டது. 2024ஆம் ஆண்டு ஒக்ரோபரில் அதே பாதையில் தலெர்திக் அருகே, பிறேக்குப் போட்டும் வழுக்கும் தண்டவாளத்திற் சறுக்கிச் சென்ற வண்டி எதிர்வண்டியோடு மோத, பிரயாணியொருவர் இறந்தார். கட்டளை சாரதியின் அறையை அடைந்தாலும், சக்கரமும் இரும்பும் அதனைக் கேட்டாதல் வேண்டுமே.

2015ஆம் ஆண்டு மார்ச்சு 7ஆந் திகதி மாலை நடந்த நிகழ்ச்சியொன்று இங்கே குறிப்பிடத்தக்கது. பிறிஸ்ரலிலிருந்து உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு நீராவி எஞ்சின் ஒன்று பழைய கிறேற் வெஸ்ரேண் முதன்மைப் பாதையிற் கிழக்கு நோக்கி வந்தது. எச்சரிக்கைக் கருவியும் வளையக் கருவியும் அப்பழைய எஞ்சினிலும் பொருத்தப்பட்டிருந்தன. வேகத்தடை ஒன்றுக்குரிய எச்சரிக்கை உரிய நேரத்தில் அடக்கப்படாமையாற் பிறேக்குத் தானே விழுந்தது. வண்டி நின்றுவிடுமென்று கருதிய எஞ்சின் மேடையினர், கருவிக்குரிய அடைப்பானைத் திருப்பி அதன் விளைவை ஒழித்தனர். அதன்பின் எக்கருவியும் அவ்வெஞ்சினைத் தடுக்க இயலாதாயிற்று. வுற்றன் பாசெற் சந்தியின் சிவப்பைக் கடந்து சென்று, அவ்வண்டி சந்தியின் குறுக்கே நின்றது. சுவான்சியிலிருந்து படிங்ரன் செல்லும் விரைவு வண்டி அச்சந்தியைக் கடந்து சென்று அப்போது ஒரு நிமிடந்தானும் ஆகவில்லை.